எல்டன் ரிங் லேசா, கஷ்டமா?

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு அக்காவின் மகன் ஹட்டனுக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கினான். வந்த அன்றே கேட்டான்: "மாமா, எல்டன் ரிங் ரொம்பக் கஷ்டம்னு சில பேர் சொல்றாங்க. பழைய டார்க் சோல்ஸ பார்த்தா இதெல்லாம் லேசுன்னு வேற சில பேர் சொல்றாங்க. யார் சொல்றது சரி?"

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் என்றேன். அவன் முகத்தில் திருப்தி இல்லை. அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. கஷ்டம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல விஷயங்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். வழி தெரியாமல் நிற்பதும் கஷ்டம், எதிரியின் கை வேகத்துக்கு ஈடுகொடுப்பதும் கஷ்டம், தோற்ற பிறகு எவ்வளவு தூரம் திரும்ப நடக்க வேண்டும் என்பதும் கஷ்டம். இந்த வரிசையில் வந்த ஒவ்வொரு வீடியோ விளையாட்டும் கஷ்டத்தை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தது. எங்கிருந்து எங்கே போனது என்று பார்த்தால் அவனுடைய கேள்விக்குப் பதில் கிடைக்கும், எதை முதலில் வாங்கலாம் என்பதும் தெரியும். அன்றிரவு அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இந்த வகை விளையாட்டை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை

ஃப்ரம்சாஃப்ட்வேர் 1986இல் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம். அவர்கள் பிளேஸ்டேஷன் 3க்காக 2009இல் வெளியிட்ட டீமன்ஸ் சோல்ஸ்தான் இந்த வம்சத்தில் மூத்தது. அதன் பிறகு 2011இல் டார்க் சோல்ஸ், 2014இல் அதன் இரண்டாம் பாகம், 2015இல் பிளட்போர்ன், 2016இல் டார்க் சோல்ஸ் மூன்றாம் பாகம், 2019இல் செகிரோ, 2022 பெப்ரவரியில் எல்டன் ரிங். டார்க் சோல்ஸ் இரண்டாம் பாகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இயக்கியவர் ஹிடெடகா மியாசாகி.

கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் முதலில் உறைப்பது, ஓங்கிய வாளைத் திரும்ப இழுக்க முடியாது என்பது. மற்ற விளையாட்டுகளில் பட்டனைப் படபடவென்று அழுத்தினால் ஆள் படபடவென்று வெட்டுவான். இங்கே அப்படி இல்லை. பெரிய வாள் என்றால் அது மெதுவாகத்தான் மேலே போகும், மெதுவாகத்தான் கீழே வரும். அதற்குள் எதிரி குத்தினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது ஸ்டமினா. மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டினால் மூச்சு குறையும், ஓடினால் குறையும், கேடயத்தில் அடி வாங்கினாலும் குறையும். மூச்சு தீர்ந்த நேரத்தில் எதிரி வந்தால் உருண்டு தப்பக்கூட முடியாது. மேட்டு லயத்துக்குக் காஸ் சிலிண்டர் தூக்கிப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்த வளைவில் நின்று ஆற வேண்டும் என்று தெரிந்தவன்தான் மேலே போய்ச் சேருவான்.

மூன்றாவது உருளுதல். ரோல் என்பார்கள். உருளும்போது அரை நொடிக்கும் குறைவான நேரம் உங்கள் மேல் எந்த அடியும் படாது. வாள் உடம்பின் ஊடாகப் போனாலும் உயிர் குறையாது. ஆகவே எதிரியின் அடி வந்து விழும் அந்தக் கணத்தில் உருள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் முன்கூட்டியே உருண்டுவிடுவார்கள், எழும்போது சரியாக அடி விழும். உடம்பில் பாரம் கூடினால் உருளுவதும் மெதுவாகிவிடும். எல்டன் ரிங்கில் தாங்கக்கூடிய எடையில் 70 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டை மாதிரித்தான் உருளுவீர்கள். அதனால் பார்க்க அழகாக இருக்கிறது என்று கனமான கவசத்தை முதல் நாளே மாட்ட வேண்டாம்.

பிறகு, எல்லாரும் பேசுகிற அந்த மரண விதி. எதிரிகளைக் கொன்றால் சோல் கிடைக்கும். எல்டன் ரிங்கில் அதற்குப் பெயர் ரூன். அதுதான் காசு, அதுதான் பலத்தைக் கூட்டுவதற்கான முதலும். செத்தால் கையிலிருந்த அத்தனையும் செத்த இடத்தில் விழுந்துவிடும். திரும்ப அங்கே உயிரோடு போய்த் தொட்டால் கிடைக்கும். போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் போனது போனதுதான்.

இதை அவனுக்கு விளங்கவைக்க நான் பாட்டியைத்தான் துணைக்கு அழைத்தேன். காலையிலிருந்து பறித்த கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்வரை அது பாட்டியின் பேரில் விழாது. கூடை நிறைந்திருக்கும், முதுகு வலிக்கும், ஆனால் கணக்கில் ஒன்றும் இருக்காது. சோலும் அப்படித்தான். செலவழித்துப் பலமாக மாற்றும்வரை அது நிறுக்காத கொழுந்து. கூடை நிறைய வைத்துக்கொண்டு தெரியாத மலைக்குள் இறங்குவதா, திரும்பிப் போய் நிறுத்துவிட்டு வருவதா என்று ஒவ்வொரு நிமிடமும் மனம் கணக்குப் போடும். இந்த விளையாட்டுகளில் நெஞ்சு படபடப்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கணக்கு.

டீமன்ஸ் சோல்ஸ்: கஷ்டம் பாதையில்

மூத்த விளையாட்டிலிருந்து தொடங்குவோம். டீமன்ஸ் சோல்ஸில் நெக்ஸஸ் என்று ஒரு மண்டபம். அங்கிருந்து ஐந்து கல் வழியாக ஐந்து உலகங்களுக்குப் போகலாம். ஓர் உலகத்தில் ஒரு பகுதிக்குள் நுழைந்தால், அந்தப் பகுதியின் பாஸை, அதாவது வாசலை அடைத்து நிற்கும் பெரிய எதிரியை, வெல்லும்வரை நடுவில் ஆறுவதற்கு இடமில்லை. பாஸிடம் செத்தால் பகுதியின் தொடக்கத்திலிருந்து திரும்ப நடக்க வேண்டும். இடையில் திறந்துவிட்ட குறுக்குவழி ஏதாவது இருந்தால் அது மட்டுமே கைகொடுக்கும். செத்தவுடன் ஆவி உருவத்துக்கு மாறிவிடுவீர்கள், அப்போது உயிர் அளவும் பாதிதான்.

இங்கே பல பாஸ்கள் ஒருவகையில் விடுகதைகள். எப்படி அடிப்பது என்ற சூட்சுமம் தெரிந்துவிட்டால் விழுந்துவிடுவார்கள். உண்மையான சோதனை அவர்களிடம் போய்ச் சேரும் நடையில் இருந்தது. காயத்துக்குப் புல் தின்ன வேண்டும், அதைச் சேர்த்து மூட்டை மூட்டையாக வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒருவரிடம் 3 புல் இருக்கும், இன்னொருவரிடம் 60 இருக்கும். ஓர் இடம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று உருவாக்கியவர்களால் சரியாக அளக்க முடியாமல் போனது இதனால்தான் என்பது என் எண்ணம். அடுத்த விளையாட்டில் அவர்கள் முதலில் மாற்றியவற்றில் இதுவும் ஒன்று.

அந்தக் காலத்தில் இதன்மேல் பெரிய நம்பிக்கை யாருக்கும் இருக்கவில்லை. ஜப்பானில் வெளியிட்ட சோனி அமெரிக்காவில் வெளியிட முன்வரவில்லை; அங்கே அட்லஸ் நிறுவனம்தான் எடுத்து வெளியிட்டது. நிறுவனத்துக்குள்ளேயே தோல்வி என்று ஒதுக்கப்பட்டிருந்த வேலையைத்தான் மியாசாகி கேட்டு வாங்கினார். ஏற்கெனவே தோல்வி என்று பெயரெடுத்த ஒன்றில் தான் என்ன செய்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்று நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்ன இன்னொரு சம்பவம் நம் பக்கத்து ஆட்களுக்கு உடனே பிடிபடும். கடும் பனி பெய்த ஒரு நாள் மலைச்சரிவான பாதையில் அவருடைய கார் ஏற முடியாமல் நின்றது. முன்னாலும் பின்னாலும் நின்ற வண்டிகளும் சறுக்கின. பின்னால் நின்ற ஒருவர் தன் வண்டியால் முன்வண்டியை முட்டித் தள்ள, அது மேலே ஏறியது. அப்படியே ஒருவரை ஒருவர் தள்ளி எல்லாரும் மேலே போனார்கள். தன்னைத் தள்ளிவிட்டவருக்கு நன்றி சொல்ல இறங்கினால் திரும்பச் சறுக்கிவிடும் என்பதால் அவர் நிற்காமலே வீடு போய்ச் சேர்ந்தார். அந்த முகம் தெரியாத உதவிதான் இந்த விளையாட்டுகளின் ஆன்லைன் பகுதிக்கு விதை. யாரோ தரையில் எழுதிவைத்த "முன்னால் பொறி உண்டு" என்ற குறிப்பு உங்களைக் காப்பாற்றும், எழுதியவர் யாரென்று தெரியாது. உங்கள் பாஸை அடிக்க இன்னொரு நாட்டிலிருந்து ஒருவர் வந்து உதவுவார், முடிந்ததும் ஒரு சொல் பேசாமல் மறைந்துவிடுவார். சிவனொளிபாதமலையில் இறங்கி வருகிறவர்கள், ஏறுகிறவர்களைப் பார்த்து ஆசி சொல்லிக்கொண்டே போவார்கள் அல்லவா? நல்லதண்ணி வழியில் மூன்றாம் ஜாமத்தில் கால் கடுக்கும்போது அந்தக் குரல் எவ்வளவு தெம்பு கொடுக்கும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். இருட்டான ஒரு குகைக்குள் தரையில் மின்னும் குறிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

டார்க் சோல்ஸ்: கஷ்டம் வழி தெரிவதில்

2011இல் வந்த டார்க் சோல்ஸில் போன்ஃபயர் வந்தது. தரையில் குத்திய வாளைச் சுற்றி எரியும் ஒரு சிறு நெருப்பு. அங்கே உட்கார்ந்தால் உயிர் நிரம்பும், எஸ்டஸ் என்ற மருந்துப் போத்தலும் நிரம்பும். ஆனால் நீங்கள் கொன்ற சாதாரண எதிரிகள் எல்லாரும் திரும்ப எழுந்து அவரவர் இடத்தில் நிற்பார்கள். எஸ்டஸ் வழக்கமாக 5 மடக்கு. நெருப்பை வளர்த்தால் 10, பிறகு அதற்கு மேலும் கூட்டலாம். மூட்டைக் கணக்கில் புல் சேர்த்த காலம் முடிந்தது. ஒரு நெருப்பிலிருந்து அடுத்ததுவரை உங்களிடம் எத்தனை மடக்கு இருக்கும் என்பது உருவாக்கியவருக்கும் தெரியும் என்பதால், அந்த இடைவெளியில் எத்தனை எதிரி, எந்த மூலையில் எந்தப் பொறி என்று அளந்து வைக்க முடிந்தது. பின்னால் வந்த அத்தனைக்கும் அடித்தளம் இதுதான் என்று சொல்வேன்.

இதைவிடப் பெரிய சாதனை அதன் வரைபடம். ஃபயர்லிங்க் என்ற பாழடைந்த கோயில் போன்ற இடத்திலிருந்து கிளம்புகிறீர்கள். கோட்டைச் சுவர், பாலம், பாலத்தின் மேல் நெருப்புக் கக்கும் டிராகன், பிறகு ஒரு தேவாலயம் என்று மணிக்கணக்காக மேலே மேலே போகிறீர்கள். கூடையோ நிறைந்துவிட்டது, மருந்து தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஓரமாக ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. வெளியே வந்து பார்த்தால் கிளம்பிய அதே ஃபயர்லிங்க்.

தெமோதரை ரயில் நிலையத்தைப் பார்த்தவர்களிடம் இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பதுளைக்குப் போகும் ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பி, மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, கடைசியில் அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாக வெளியே வரும். மேலே நின்ற இடத்துக்கு நேர் கீழே வந்துவிட்டோம் என்று உணர்கிற அந்த நொடியில் ஊரின் உருவமே தலைக்குள் மாறிப்போகும். அந்த லிஃப்டில் இறங்கியபோது எனக்கு நடந்தது அதுதான்.

அதுவும் சும்மா அழகுக்கு அல்ல. விளையாட்டின் முதல் பாதியில் ஒரு நெருப்பிலிருந்து இன்னொரு நெருப்புக்குத் தாவும் வசதி கிடையாது. ஆனர் லோண்டோவில் ஆர்ன்ஸ்டீன், ஸ்மோ என்ற இரண்டு பேரையும் ஒரே மண்டபத்தில் வென்ற பிறகுதான் அந்த வரம் கிடைக்கும். அதுவரை எங்கே போனாலும் காலால்தான். பிளைட்டவுன் என்ற விஷச் சதுப்புக்குள் இறங்கிவிட்டால் ஏறி வரவும் வேண்டும். ஆகவே டார்க் சோல்ஸில் கெட்டிக்காரன் யாரென்றால், கை வேகமுள்ளவனைவிட வழி தெரிந்தவன்தான். எந்தப் படி எங்கே போய் முடியும், எந்தக் கதவு எந்தப் பக்கமிருந்து திறக்கும் என்று அறிந்தவன். எங்கள் தோட்டத்தில் வண்டி ரோடு நாலு வளைவு சுற்றி வரும் தூரத்தை, தேயிலை நிரைக்குள் இறங்கும் குறுக்கில் பத்து நிமிடத்தில் முடித்துவிடும் சின்னப் பிள்ளைகள் மாதிரி.

எதிரிகள் இப்போதைய அளவுகோலில் மெதுவானவர்கள். கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து முதுகில் குத்தினால் பாதி விளையாட்டை முடித்துவிடலாம். எல்டன் ரிங் விளையாடிவிட்டு இதற்குத் திரும்புகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்பது இதனால். எல்டன் ரிங்கைப் பார்த்து லேசு என்று சொல்லும் பழைய ஆட்கள் நினைத்துக்கொண்டிருப்பது பிளைட்டவுனின் ஏணிகளை. பேசுகிற கஷ்டமே வேறு வேறு.

இடையில் வந்தவை

இரண்டாம் பாகத்தில் ஆரம்பத்திலிருந்தே நெருப்புக்கு நெருப்பு தாவலாம். அதனால் வழி தெரிவதன் அருமை குறைந்துபோனது. ஈடாக, சாகும் ஒவ்வொரு தடவையும் உங்கள் உயிரின் உச்ச அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பாதிவரை வந்து நிற்கும். தோற்கிறவனை இன்னும் பலவீனமாக்கும் இந்த முறை எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. உருளும்போது அடி படாத நேரத்தைக்கூட ஒரு தனிப் பலத்தில் சோல் போட்டுத்தான் வாங்க வேண்டும், அதையும் விளையாட்டு தெளிவாகச் சொல்லாது. ஆனாலும் ஒரே எதிரியை ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை கொன்றால் பிறகு அவன் வரவே மாட்டான். பொறுமையாகப் பாதையைத் துப்புரவாக்கிவிட்டுப் போகிற குணமுள்ளவர்களுக்கு அது ஒரு ஆறுதல். இந்தப் பாகத்தைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. இரண்டு கையிலும் ஆயுதம் பிடிக்கும் முறையில் அது காட்டிய தாராளம் அடுத்தவற்றில்கூட அப்படியே வரவில்லை.

பிளட்போர்ன் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டது. அடி வாங்கிய சில நொடிக்குள் திருப்பி அடித்தால் இழந்த உயிரில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்றது. அதனால் பின்வாங்குகிறவன் நஷ்டப்படுவான், முன்னே பாய்கிறவன் பிழைப்பான். பிளேஸ்டேஷன் 4க்கு மட்டும் வந்தது, கணினிக்கு வரவே இல்லை. செகிரோ இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே சோல் சேர்த்துப் பலத்தைக் கூட்டும் வழியே இல்லை. எதிரியின் வாள் வந்து மோதும் கணத்தில் உங்கள் வாளைக் கொடுத்துத் தடுத்து, அவன் நிலையைக் குலைக்க வேண்டும். கை பழகாவிட்டால் வேறு எந்தத் தந்திரமும் உதவாது. பிடித்துப்போனால் உயிராகிவிடும் விளையாட்டு, ஆனால் புதியவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டார்க் சோல்ஸ் மூன்றாம் பாகத்தில் நெருப்புகள் நெருக்கமாக வந்தன. பல பாஸ்களின் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒன்று எரியும். நடை குறைந்தது. அதற்குப் பதிலாக வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் வளர்ந்தான். ஒரே மூச்சில் நாலைந்து அடி அடிப்பான். பாதி உயிர் போனதும் வேறு உருவம் எடுப்பான். 2016இன் இறுதியில் வந்த கூடுதல் பகுதியில் ஃப்ரீட என்ற பெண்ணை மூன்று தடவை வீழ்த்த வேண்டும். இரண்டாவது முறை விழுந்ததும் முடிந்துவிட்டது என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர்கள் பலர். இப்படித்தான் கஷ்டம் பாதையிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனது.

எல்டன் ரிங்: வேறு பக்கம் போகலாம்

எல்டன் ரிங் வெளியான 2022 பெப்ரவரி 25ஆம் தேதியை நம் நாட்டில் யாரும் விளையாட்டுக்காக ஞாபகம் வைத்திருக்க வாய்ப்பில்லை. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, மின்வெட்டு. அடுத்த மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை. அந்த மூன்று நாலு மாதமும் மற்றவர்கள் விளையாடுவதைக் கைபேசியில் பார்த்ததோடு சரி. கையில் கிடைத்தபோது வருஷம் முடியப்போனது. அதற்குள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றுவிட்டது. முதல் மூன்று வாரத்திலேயே 1 கோடி 20 இலட்சம் பிரதிகள்.

அதில் முதலில் செய்தது, அடித்துத் தோற்றது. ஒரு வாயில் கதவைத் திறந்து லிம்கிரேவ் என்ற புல்வெளிக்குள் வந்தால், சில எட்டுகளிலேயே தங்கக் கவசத்தோடு குதிரைமேல் ஒருவன் ரோந்து போகிறான். பழைய விளையாட்டு பழகியவன் என்பதால், முன்னால் நிற்பவனை வென்றால்தான் வழி என்று நினைத்தேன். பல தடவை செத்த பிறகுதான் உறைத்தது, அவனை அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓரமாகச் சுற்றிப் போய்விடலாம். இருபது மணித்தியாலம் கழித்துப் பலத்தோடு வந்து அவனைப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்டன் ரிங்குக்கும் முன்னோர்களுக்கும் உள்ள ஆழமான வித்தியாசம் அந்த ஓரத்துப் பாதைதான். பழையவற்றில் ஒரு பாஸ் வழியை அடைத்தால் அவனோடுதான் மல்லுக்கட்ட வேண்டும், மிஞ்சிப்போனால் வேறு ஒன்றிரண்டு வழி இருக்கும். இங்கே டோரண்ட் என்ற குதிரை இருக்கிறது, திறந்த வெளி இருக்கிறது, திசைக்கு ஒரு குகை, ஒரு கோபுரம், ஒரு பாழடைந்த தேவாலயம் இருக்கிறது. போன்ஃபயருக்குப் பதிலாக கிரேஸ் என்ற பொன்னொளி. தொடக்கத்திலிருந்தே வரைபடத்தில் பார்த்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். பல பாஸ்களின் வாசலருகே மரிக்காவின் சிலை ஒன்று நிற்கும், செத்தால் அங்கேயே எழலாம். டீமன்ஸ் சோல்ஸில் இருபது நிமிடம் நடந்த நடை இங்கே இருபது அடியாகச் சுருங்கிவிட்டது. ஆவிகளை அழைத்து உங்கள் பக்கம் நின்று அடிக்கவைக்கலாம். திறந்த வெளியில் ஒரு எதிரிக் கூட்டத்தை முழுதாக முடித்தால் மருந்துப் போத்தலும் கொஞ்சம் நிரம்பும். இத்தனையும் சேரும்போது, இந்த வரிசையில் புதியவருக்கு இவ்வளவு கதவு திறந்துவைத்த விளையாட்டு வேறு இல்லை.

அதே நேரத்தில் பாஸ்கள் முன்னெப்போதையும்விடக் கடுமையானவர்கள். அதற்கும் காரணம் இந்தச் சுதந்திரம்தான். வேறு பக்கம் போய்ப் பலம் சேர்க்க முடியும், ஆவி துணைக்கு வரும், செத்தால் வாசலிலேயே எழலாம். இவ்வளவு கொடுத்த பிறகு பாஸின் கையைக் கட்டிவைக்கத் தேவையில்லை என்று அவர்கள் முடிவெடுத்திருக்க வேண்டும்.

ஸ்டோர்ம்வேல் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தடியை ஓங்குவான். பழைய பழக்கத்தில் உடனே உருளுவீர்கள். அவன் அடிக்கவே மாட்டான். ஓங்கியபடி நிற்பான். நீங்கள் உருண்டு எழுந்த பிறகு நிதானமாக இறக்குவான். டார்க் சோல்ஸ் விளையாடியவர்களின் பழக்கத்தையே குறிவைத்து அமைத்த அடி அது. மலேனியா இன்னும் கொடியவள். அவளுடைய வாள் உங்கள் மேல் பட்டால் அவளுக்கு உயிர் கூடும், கேடயத்தில் பட்டாலும் கூடும். முதல் டார்க் சோல்ஸில் அரசனாக வாழ்ந்த கேடயக்காரன் இவளிடம் அவளுக்கே மருந்து ஊட்டிக்கொண்டிருப்பான். 2022இல் தலையில் பானையும் கையில் இரண்டு வாளுமாக, உடம்பில் கவசமே இல்லாமல் ஒரு முகம் தெரியாத விளையாட்டுக்காரர், அழைத்தவர்களின் உலகங்களுக்கெல்லாம் போய் மலேனியாவைத் தனியாக அடித்துக் கொடுத்தார். ஆயிரம் தடவைக்கு மேல். கடைசியில் வெளியீட்டு நிறுவனமே அவருக்கு ஒரு வாளைப் பரிசாக அனுப்பியது. பனிச்சரிவில் பின்னாலிருந்து தள்ளிவிட்டுப் போன அந்த வண்டிக்காரரை நினைத்துக்கொண்டேன்.

2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீ என்ற கூடுதல் பகுதி இந்தக் கதைக்கு ஒரு நல்ல சான்று. அதற்குள் போனால் நீங்கள் வெளியே சேர்த்த பலம் மட்டும் போதாது. அந்த நிலத்தில் ஒளிந்திருக்கும் மரத்துண்டுகளைத் தேடி எடுத்து, அங்கே மட்டும் செல்லுபடியாகும் ஒரு வரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பலர் அதைத் தேடாமல் நேரே பாஸ்களிடம் போய்விட்டு, தாங்க முடியாத கஷ்டம் என்று முறையிட்டார்கள். சில நாட்களிலேயே அந்த வரத்தின் ஆரம்பப் படிகளை நிறுவனம் பலப்படுத்தியது. தேடி அலைவதுதான் இந்த விளையாட்டில் பலம், வாசலில் முட்டிக்கொண்டிருப்பது அல்ல என்று அவர்கள் இரண்டாம் தடவையும் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. நிலம் இவ்வளவு விரிந்ததில், அந்த லிஃப்ட் தந்த உணர்வு அரிதாகிவிட்டது. ஸ்டோர்ம்வேல் மாதிரிக் கோட்டைகளுக்குள் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் சின்னக் குகைகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும், அதே எதிரிகள் திரும்பத் திரும்ப வருவார்கள். லிப்டன் சீட்டிலிருந்து பார்க்கும் காட்சி பெரிது என்பதில் சந்தேகமில்லை. தெமோதரையின் அடியிலிருந்து வெளியே வருவது வேறு மாதிரியான சந்தோஷம்.

அப்படியென்றால் எதில் தொடங்குவது?

கணினியின் பலத்தைப் பொறுத்து முதலில் முடிவெடுங்கள். எல்டன் ரிங் குறைந்தபட்சமாகக் கேட்பதே 12 ஜிபி ராம், 60 ஜிபி இடம். நம் பக்கத்து இணைய வேகத்தில் 60 ஜிபி இறக்குவதென்றால் இராப் பகலாக ஓடவிட வேண்டும், டேட்டா செலவையும் கணக்குப் பாருங்கள். பழைய கணினி என்றால் டார்க் சோல்ஸின் 2018 புதுப்பித்த பதிப்பு நல்ல தொடக்கம். பிளேஸ்டேஷன் 4 கையில் இருந்தால் எல்டன் ரிங் அதிலும் ஓடும்.

இரண்டும் ஓடும் என்றால், இந்த வகையே புதிது என்பவர் எல்டன் ரிங்கில் தொடங்குவதுதான் நல்லது. முட்டி மோதி மனம் விட்டுப்போகாமல் இருக்க அதில்தான் இடம் அதிகம். பிறகு டார்க் சோல்ஸுக்குப் போனால் குதிக்கச் சரியான வழியில்லை, குதிரையில்லை, தாவல் இல்லை என்று முதல் சில மணித்தியாலம் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு அந்த லிஃப்ட்வரை போய்விடுங்கள்.

ஆங்கிலம் பற்றி அவன் தயங்கினான். தமிழில் இந்த விளையாட்டுகள் வருவதில்லை, கதையும் ஆயுதங்களின் குறிப்புகளில் துண்டு துண்டாகத்தான் இருக்கும். மியாசாகி சின்ன வயதில் வசதியில்லாத வீட்டில் வளர்ந்தவர். நூலகத்திலிருந்து தன் வாசிப்புக்கு மிஞ்சிய புத்தகங்களை எடுத்துவந்து, புரியாத இடங்களைப் படங்களைப் பார்த்துத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். அவருடைய விளையாட்டுகள் கதையைப் பாதி சொல்லிப் பாதியை விட்டுவிடுவது அங்கிருந்து வந்தது. ஆகவே எல்லாம் புரியவில்லையே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

எல்டன் ரிங்கின் முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு நான் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான். தங்கக் கவசக்காரனை விட்டு விலகிப் போ. எலே தேவாலயத்தில் இருக்கும் வியாபாரியிடம், பொருள்களை நீயே செய்துகொள்ள உதவும் கிராஃப்டிங் கிட்டை வாங்கு. பொன்னொளிகள் காட்டும் திசையில் கேட்ஃப்ரண்ட்வரை போய் ஆறினால் குதிரை கிடைக்கும். குதிரை கிடைத்த பிறகு இரவில் ஒரு தடவை எலே தேவாலயத்துக்குத் திரும்பிப் போ, ஆவிகளை அழைக்கும் மணி அங்கே கிடைக்கும். மார்கிட் இரண்டு தடவை கொன்றால் மூன்றாம் தடவை போகாதே, பாலத்தைத் தாண்டித் தெற்கே இறங்கு. அங்கே வீப்பிங் பெனின்சுலா முழுக்க உனக்காகத்தான் கிடக்கிறது. உயிரைக் கூட்டும் பலத்தில் முதலில் ரூனைப் போடு, வாளில் அல்ல. நடுவில் நிறுத்திவைக்க முடியாது, அம்மா கூப்பிட்டால் கிரேஸில் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து போ.

அவன் பண்டாரவளைக்குத் திரும்பிப் போய், பெரியப்பா மகனின் பழைய பிளேஸ்டேஷன் 4இல் விளையாடுகிறான். போன வாரம் அழைத்தபோது தெற்கை முழுக்கச் சுற்றி முடித்திருந்தான். மார்கிட்டை இன்னும் வெல்லவில்லை. "அவன் தடிய ஓங்கிட்டு நின்னா, நானும் சும்மா நிக்கிறேன் மாமா," என்றான்.